தப்பான எண்ணைப் பத்திரமாக வைத்தல்

செத்துப்போனவர்கள் எழுதி வைத்த அளவை உயிரோடு இருப்பவர்கள் திருத்தலாமா?

கேட்டவுடன் கூடாது என்றுதான் தோன்றும். எழுதியவர் பார்த்தார், நாம் பார்க்கவில்லை. அவர் கையில் கருவி இருந்தது, நம் கையில் அவர் எழுதிய தாள் மட்டும் இருக்கிறது. ஆனால் கடலுக்குள் எவ்வளவு சூடு இருந்தது என்று இன்று நாம் சொல்லும் பழைய விவரங்களில் பெரும்பகுதி திருத்தப்பட்டதுதான். சிலது இரண்டு மூன்று முறை திருத்தப்பட்டிருக்கிறது. 'விஞ்ஞானிகள் எண்ணை மாத்திட்டாங்க, எல்லாம் பொய்' என்று யாராவது சொல்லும்போது நாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அந்தப் பேச்சுக்குள் ஒரு நியாயமான கேள்வியும் இருக்கிறது. திருத்துவதற்கும் பொய் எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் பழைய எண் போய்ப் புது எண் வருகிறது, அவ்வளவுதானே?

எனக்கு இது சும்மா வாதத்துக்கான கேள்வி இல்லை. நான் பொம்மையார்பாளையத்துக்காரன். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர். மணல் வந்து சேராததால் கரை அரித்துக்கொண்டே போகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது, உள்ளே தள்ளி இருக்கிற மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புயலுக்குத் தீனி கடலின் மேற்பரப்பு மட்டுமல்ல. அதற்குக் கீழே பல பத்து மீட்டர் ஆழம் வரை உள்ள சூடான நீரும்தான். பசுங்குடில் வாயுக்களால் பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. ஆகவே 'முன்னாடி கடல் எப்படி இருந்துச்சு' என்பதற்கான பதிலை நம்பலாமா கூடாதா என்பது எங்கள் ஊர்ப் பிரச்சினை.

*

கடலுக்கடியில் வெப்பம் பார்ப்பது, கேட்பதற்கு எளிதான வேலை. ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும், இழுக்க வேண்டும், படிக்க வேண்டும். சிக்கல் இழுக்கும்போதுதான் தொடங்குகிறது. அடியில் குளிர்ந்த வெப்பமானி சூடான நீர் வழியாக மேலே வருவதற்குள் வேறொரு எண்ணுக்கு மாறிவிடும்.

1751இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் ஹென்றி எல்லிஸ் என்ற கப்பல் தலைவர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் வடிவமைத்துக் கொடுத்த வாளி ஒன்றை அவர் அட்லாண்டிக் கடலில் இறக்கியிருந்தார். அதற்கு மேலும் கீழும் மூடிகள். இறங்கும்போது திறந்துகொண்டு தண்ணீரை உள்ளே விட்டு வெளியே விடும். இழுக்கும்போது மூடிக்கொள்ளும். கடைசியாக எட்டிய ஆழத்தின் நீர் மட்டும், வெப்பமானியோடு சேர்ந்து மேலே வரும். 5,346 அடி வரை கயிறு விட்டார்கள். கப்பலில் காற்று 84 டிகிரி ஃபாரன்ஹீட். வாளித் தண்ணீர் 53. வெயில் கொளுத்தும் கடலுக்கு அடியில் குளிர்ந்த நீர் கிடக்கிறது என்று உலகத்துக்குத் தெரியவந்த முதல் பதிவுகளில் இது ஒன்று. அந்த நீரில் குளித்தார்கள், மதுப் புட்டிகளைக் குளிரவைத்தார்கள் என்றும் எல்லிஸ் எழுதியிருக்கிறார்.

அந்த 53 தப்பான எண். அவ்வளவு ஆழத்தில் நீர் அதைவிடக் குளிர்ந்தது. வாளி வரும் வழியில் சூடேறியிருக்க வேண்டும். அது நமக்கு எப்படித் தெரிகிறது? வாளி எப்படிச் செய்யப்பட்டது, எத்தனை அடி கயிறு போனது, கடலில் எந்த இடம் என்பதையெல்லாம் எல்லிஸ் சேர்த்தே எழுதியதால்தான். வெறும் '53' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

நூற்றிருபது வருஷம் கழித்து 'சேலஞ்சர்' கப்பல் உலகத்தைச் சுற்றியது, 1872 டிசம்பர் முதல் 1876 மே வரை. இந்தத் தடவை வெப்பமானியே மாறியிருந்தது. தான் சந்தித்த மிகக் குறைந்த வெப்பநிலையை ஒரு சிறு குறிமுள்ளால் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கக் கண்ணாடிக் கவசமும் உண்டு. ஆனாலும் அழுத்தம் கொஞ்சம் நெருக்கும், எண் கொஞ்சம் ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு ஏறும்? கிளம்பும் முன்பே சோதித்து ஒரு திருத்த அளவு சொல்லப்பட்டிருந்தது. கப்பல் திரும்பிய பிறகு பி. ஜி. டெய்ட் என்ற எடின்பரோ இயற்பியலாளரிடம் அந்த வெப்பமானிகள் போயின. அவர் உயர் அழுத்தக் கலத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முதலில் சொன்ன திருத்தம் தேவைக்கு மிக அதிகம் என்று காட்டினார். திருத்தத்துக்கே திருத்தம்.

அதன் பலன் 2012இல் கிடைத்தது. டீன் ரோமிக்கும் கூட்டாளிகளும் சேலஞ்சர் அளந்த இடங்களை எடுத்துக்கொண்டார்கள். இப்போது உலகக் கடல்களில் மிதக்கும் ஆர்கோ மிதவைகள் அதே இடங்களில் காட்டும் எண்களோடு ஒப்பிட்டார்கள். மேல் 700 மீட்டரில் சராசரியாக 0.33 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. கூடவே ஒரு எச்சரிக்கையும் வைத்தார்கள். சேலஞ்சரின் கயிறு நீரோட்டத்தில் சாய்ந்திருக்கும், விட்ட கயிற்றின் நீளத்தைவிட எட்டிய ஆழம் குறைவாக இருந்திருக்கும், அதனால் பழைய எண் உண்மையைவிடக் கொஞ்சம் சூடாகவே பதிவாகியிருக்கும். அப்படியானால் உண்மையான சூடேற்றம் 0.33ஐவிட அதிகமாக இருக்கலாம்.

*

சேலஞ்சர் வங்கக் கடலுக்குள் வரவே இல்லை. நம் பக்கத்துக் கடலுக்கு அளவுகள் சிறுகச் சிறுகத்தான் சேர்ந்தன. 'இன்வெஸ்டிகேட்டர்' அளவைக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கையாளராகவும் இருந்த சீமோர் சீவெல் அந்தமான் கடல் பக்கம் அளந்தார். 1950களில் லஃபாண்ட் என்ற அமெரிக்கர் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, மாணவர்களோடு இந்தியக் கடற்படைக் கப்பல்களில் ஏறிக் கிழக்குக் கரையோரம் ஆழ வெப்பம் பார்த்தார். அவர்கள் பயன்படுத்தியது ஒரு சின்ன குண்டு மாதிரி இருக்கும் பித்தளைக் கருவி. உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் ஓர் ஊசி. கருவி இறங்க இறங்க, ஆழத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப ஊசி நகர்ந்து கோடு கீறும். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகப் பெருகிய கருவி அது. நீரின் வெப்பம் மாறினால் ஒலி வளைந்துபோகும், நீர்மூழ்கி அந்த மறைவில் ஒளிந்துகொள்ளலாம். கடலைப் பற்றிய அக்கறையில் அது அப்படிப் பெருகவில்லை.

பிறகு 1959 முதல் 1965 வரை பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம். ஐ.என்.எஸ். கிஸ்ட்னா என்ற பழைய போர்க்கப்பலை ஆய்வுக் கப்பலாக மாற்றி 1962இல் இந்தியா இறக்கியது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1966 ஜனவரி 1ஆம் தேதி, இன்று கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது.

அதே அறுபதுகளில் வந்தது நம் கதையின் முக்கியமான கருவி. எக்ஸ்.பி.டி. என்பார்கள். போட்டால் திரும்பி வராத வெப்பமானி. மூக்கு கனமான ஒரு சிறு எறிகுண்டு. அதிலிருந்து முடி மாதிரி மெல்லிய செப்புக் கம்பி அவிழ்ந்துகொண்டே போகும். வெப்பநிலை அந்தக் கம்பி வழியாக மேலே வரும். கம்பி தீர்ந்ததும் அறுந்துவிடும், குண்டு கடலடியில் கிடக்கும். கப்பல் நிற்க வேண்டாம், விஞ்ஞானி வர வேண்டாம், ஓடுகிற சரக்குக் கப்பலிலிருந்தே போடலாம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் போகும் பயணிகள் கப்பல்களிலிருந்தும் கோவா நிறுவனத்தார் இதைப் போட்டிருக்கிறார்கள். எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை உலகம் மேல்கடலைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு இந்தக் குண்டுகளால்தான்.

ஆனால் இந்தக் குண்டுக்கு ஆழம் தெரியாது. அழுத்தம் அளக்கும் எதுவும் அதில் இல்லை. தண்ணீரைத் தொட்டதிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்பதை வைத்து ஒரு சூத்திரம்தான் ஆழத்தைச் சொல்லும். விநாடிக்குச் சுமார் 6.47 மீட்டர், போகப்போகக் கொஞ்சம் குறையும் என்றது தயாரிப்பாளரின் சூத்திரம். 1995இல் ஹனாவாவும் கூட்டாளிகளும் அதிகம் புழங்கிய வகைகளைத் துல்லியமான கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இல்லை, 6.69 என்றார்கள். அதாவது 200 மீட்டர் என்று எழுதிய இடம் உண்மையில் கிட்டத்தட்ட 207 மீட்டர். அடியில் போகப்போகக் குளிரும் கடலில், ஏழு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது வேறு வெப்பத்தைப் பார்ப்பதுதான்.

புதுச் சூத்திரம் கண்டுபிடித்த கையோடு அவர்கள் ஒரு பரிந்துரையும் செய்தார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் அதுதான். ஆவணக் காப்பகங்களில் பழைய சூத்திரப்படியே எண்களைத் தொடர்ந்து வையுங்கள் என்றார்கள். தப்பு என்று தெரிந்த எண்ணையே பத்திரமாக வையுங்கள். பயன்படுத்துகிறவர் எடுக்கும்போது திருத்திக்கொள்ளட்டும். ஏன்? உலகம் முழுக்கப் பல காப்பகங்கள் இருக்கின்றன. ஒருவர் திருத்தி அனுப்புவார், இன்னொருவர் திருத்தாமல் அனுப்புவார். எது திருத்தியது, எது திருத்தாதது என்ற குறிப்பு தொலைந்துவிட்டால் மூன்றாவது ஆள் திருத்தியதையே மறுபடி திருத்துவார். அதற்கப்புறம் யாராலும் எதையும் மீட்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரே மாதிரியான தப்பை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். ஆளுக்கு ஒரு விதமாகக் கலந்துபோன சரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அந்த எச்சரிக்கை வீண்போகவில்லை. விழும் வேகமும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருப்பது பின்னால் தெரிந்தது. 2007இல் கூரெட்ஸ்கியும் கோல்டர்மனும், இந்தக் கருவி கடலை உண்மையைவிடச் சூடாகக் காட்டியிருக்கிறது, முக்கியமாக எழுபதுகளில், என்று காட்டினார்கள். அதுவரை கடல் வெப்ப வரைபடத்தில் எழுபதுகளில் ஒரு மேடு இருந்தது. கடல் அப்போது திடீரென்று சூடாகி, பிறகு ஆறியது போல. எந்தக் கணினி மாதிரியாலும் அந்த மேட்டை விளக்க முடியவில்லை. கருவியைத் திருத்தியதும் மேட்டில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. பழைய எண்கள் அப்படியே காப்பகத்தில் இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது. ஆனால் பல பதிவுகளில் எந்த வகைக் குண்டு போடப்பட்டது என்றே எழுதவில்லை. அவற்றுக்கு ஊகம்தான் மருந்து.

*

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வர வேண்டும். மாதிரியோடு பொருந்தாத மேட்டை அழித்துவிட்டு, 'கருவி தப்பு' என்று சொல்வது வசதியாக இல்லையா? பிடிக்காத எண்ணுக்கு மட்டும் தப்பு கண்டுபிடிக்கிறார்களோ?

இதற்கு 'விஞ்ஞானிகள் நல்லவர்கள்' என்று பதில் சொல்லக் கூடாது. நல்லவர் கெட்டவர் கணக்கு இங்கே உதவாது. பார்க்க வேண்டியது, திருத்தம் அவர்களுக்கு எதிராகப் போகும்போதும் நடக்கிறதா என்பதை. நடக்கிறது. கடல் மேற்பரப்பில் ஒருகாலத்தில் துணி வாளியால் நீரை மொண்டு பார்த்தார்கள். ஈரத் துணி காற்றில் உலரும்போது நீர் குளிரும், அதனால் பழைய எண்கள் உண்மையைவிடக் குறைவு. அதைத் திருத்தினால் பழைய கடல் இன்னும் கொஞ்சம் சூடாகிறது. அதாவது நூறாண்டுச் சூடேற்றம் குறைகிறது. அதையும் செய்துதான் வெளியிட்டார்கள்.

ஜோஷ் வில்லிஸ் கதையும் உண்டு. 2006இல் அவரும் கூட்டாளிகளும், 2003க்குப் பிறகு மேல்கடல் குளிர்ந்திருக்கிறது என்று கட்டுரை வெளியிட்டார்கள். பரபரப்பான முடிவு. ஆனால் கடல் மட்டம் உயர்ந்துகொண்டே இருப்பதோடு அது பொருந்தவில்லை. தோண்டிப் பார்த்தால், ஒரு பகுதி மிதவைகள் அழுத்தத்தைத் தப்பாகப் பதிந்து குளிரைக் காட்டியிருக்கின்றன, எக்ஸ்.பி.டி.க்கள் இன்னொரு பக்கம் சூட்டைக் காட்டியிருக்கின்றன. குளிர்ச்சி என்று தெரிந்தது கருவிகளின் சண்டை. 2007இல் திருத்தத்தை அவர்களே வெளியிட்டார்கள்.

நமக்கு இது புதிய அறமும் இல்லை. ஓலைச் சுவடிகளை அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சா.வை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஏடு பத்து விதமாகச் சொல்லும். அவர் ஒன்றைத் தேர்ந்து மேலே அச்சிட்டார், மற்றவற்றைப் பிரதிபேதமாகக் கீழே கொடுத்தார். 'இதுதான் சரி என்று நினைக்கிறேன், நான் தப்பாக இருந்தால் நீயே பார்த்துக்கொள்' என்பதுதான் அந்த அடிக்குறிப்பின் பொருள். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அவற்றின் எண்கள் பாட்டில்லாமலே நிற்கின்றன. 269ஐ 267 ஆக்கிவிட்டால் நூல் பார்க்க ஒழுங்காக இருந்திருக்கும், தொலைந்துபோனது தொலைந்ததே தெரியாமல் போயிருக்கும்.

ஆக, திருத்தத்துக்கும் பொய்க்கும் உள்ள வித்தியாசம் எண்ணில் இல்லை. எண் இரண்டிலும்தான் மாறுகிறது. பொய் எழுதுகிறவன் திரும்பிப் போகும் வழியை அடைத்துவிட்டுப் போகிறான். திருத்துகிறவர் வழியைத் திறந்தே வைக்கிறார்: பழையது இது, புதியது இது, மாற்றியதற்குக் காரணம் இது. நாளைக்கு ஒருவர் வந்து அவரையும் திருத்தலாம். நேர்மையாக எழுதுவது என்றால் தப்பே இல்லாமல் எழுதுவது என்றுதான் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். அது யாராலும் முடியாது. நம்மைப் பார்த்தே இராத ஒருவர் நம் தப்பைக் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதலாம். அது முடியும்.

இந்த அளவுகோலை வைத்து எல்லிஸிடம் திரும்பிப் போனால் ஒன்று உறுத்துகிறது. அவருடைய கப்பல் 'ஏர்ல் ஆஃப் ஹாலிஃபாக்ஸ்', அடிமை வாணிபக் கப்பல். வாளியின் மூடியைப் பற்றி அவ்வளவு கவனமாக எழுதியவர், கயிற்றை அடி சுத்தமாக எண்ணியவர், ஆப்பிரிக்கக் கரைக்கு மனிதர்களை விலைக்கு வாங்கப் போய்க்கொண்டிருந்தவர். அவர் எண்ணைத் தூக்கி எறிய வேண்டுமா? எறிந்தால் கடலைப் பற்றிய ஒரு சாட்சி போகும், அந்த மனிதர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. வைத்துக்கொண்டு கப்பலின் தொழிலைச் சொல்லாமல் விட்டால், பாட்டு எண்ணை மாற்றிப் போட்ட கதைதான். எந்தக் கருவி, எந்த இடம், எவ்வளவு கயிறு என்பது போல, எந்தக் கப்பல், எதற்காகப் போனது என்பதும் அந்த அளவின் குறிப்பில் இருக்க வேண்டும். வெப்பநிலைக்குத் திருத்தம் போடலாம். கணக்கிலேயே வராத மனிதர்களுக்குத் திருத்தம் போட முடியாது. குறைந்தபட்சம் அந்த எண் காலியாக இருக்கிறது என்றாவது காட்டலாம்.

*

எங்கள் ஊரில் கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் போட்டில் முடித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். எனக்குத் தாத்தா முறை. "இப்ப இருக்கிற தண்ணி அந்தத் தண்ணி இல்லப்பா" என்பார். இதைக் கேட்டு இரண்டு விதமாக நடந்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலர், வயசானவர் ஏதோ சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். சிலர் கடலோடியின் மரபு ஞானம் என்று கையெடுத்துக் கும்பிட்டு எழுதிக்கொள்வார்கள். இரண்டு பேரும் அவரிடம் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

நான் கேட்டேன். "எந்த மாசத்துல தாத்தா?"

"சித்திரை, வைகாசி. தெக்கத்திக் காத்து விடாம அடிக்கும் பாரு, அப்ப."

"எவ்ளோ ஆழத்துல?"

"பத்து பாகம் இருக்கும். வலைய இழுத்தா கை வெறச்சுப் போற மாதிரி சில்லுனு வரும். இப்ப அவ்ளோ இல்ல."

தெற்கிலிருந்து கரையோடு காற்று அடித்தால் மேல்நீர் கரையை விட்டு விலகும், அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே ஏறும். லஃபாண்ட் வால்டேர் பக்கம் பார்த்தது இதைத்தான். ஆக அவர் சொல்வது நடக்கக்கூடிய விஷயம்.

"அப்ப என்ன வலை?"

கொஞ்சம் யோசித்தார். "பருத்தி நூலு. அப்பறந்தான் நைலானு." பிறகு அவரே சொன்னார்: "நூல் வலை தண்ணிய குடிச்சுக்கும்ல. அதனாலயும் சில்லுனு இருந்திருக்கும்."

துணி வாளியின் கதையை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தன் கருவியின் குறையை அவரே எடுத்து வைத்தார். பத்து பாகம் என்பதை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, கரையில் ஒரு பனையையும் கோபுரத்தையும் ஒன்றுக்கு நேராக ஒன்று வருகிற மாதிரி வைத்து இடம் பிடிப்போம் என்றார். அந்தப் பனை நின்ற இடம் இப்போது கடல்.

இதனால் கடல் சூடேறியதை அவர் நிரூபித்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் நினைவு ஒரு வெப்பமானிக்குச் சமம் என்றும் சொல்லவில்லை. கருவியும் காலமும் இடமும் சேர்த்துக் கேட்டபோது, அவருடைய பேச்சு திருத்திப் பார்க்கக்கூடிய ஒரு சாட்சியாக ஆனது. ஒருவரை மதிப்பது என்றால் அவர் சொன்னதை அப்படியே ஏற்பது என்று நினைக்கிறோம். டெய்ட் சேலஞ்சர் ஆட்களை மதித்தது அவர்களுடைய வெப்பமானியை அழுத்தக் கலத்தில் போட்டுப் பார்த்துத்தான்.

தேதி, காற்று, வலை, பாகம், இடம் என்று ஐந்து பத்தி போட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அவர் சொன்னதை ஒரு பத்தியில், எனக்குத் தோன்றும் சந்தேகத்தைப் பக்கத்தில். பனை இருந்த இடத்தைப் பற்றி மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

"இதெல்லாம் எழுதி யாருக்குப்பா காட்டப் போற?" என்றார்.

"நம்ம ரெண்டு பேரும் சொன்னது தப்புன்னு கண்டுபிடிக்கப் போறவனுக்கு, தாத்தா."

"அப்ப எங்கப்பா காலத்துக் கதையையும் எழுதிக்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.